செயலி எழுதிய கை கேமுக்கு வரும்போது மாற்ற வேண்டிய பழக்கங்கள்

பில்லிங் மென்பொருளில் ரசீது சரியாக வந்தால் வேலை முடிந்தது. கேமில் ஒரு பிழைகூட இல்லாமல் எல்லாம் ஓடியும், ஆட்டம் சலிப்பாக இருக்கலாம். தேவைப் பட்டியலை எத்தனை முறை படித்தாலும் அது தெரியாது, ஆடிப் பார்த்தால்தான் தெரியும். வேலையின் வரிசை மாறுவதற்கு இதுவே முதல் காரணம்.

ஆகவே லாகின், மெனு, சேமிப்பு எல்லாவற்றையும் தள்ளிவையுங்கள். ஆட்டக்காரர் திரும்பத் திரும்பச் செய்யப்போகும் ஒரே செயலை, குதிப்பதோ சுடுவதோ, வெறும் சாம்பல் நிறப் பெட்டிகளை வைத்து இரண்டு வாரத்தில் செய்து பாருங்கள். இந்த நிரலைத் தூக்கிப்போடப் போகிறோம் என்ற முடிவோடே எழுதுங்கள். குழுவில் இல்லாத ஐந்து பேரிடம் எதையும் விளக்காமல் கொடுத்து, கை எங்கே தடுமாறுகிறது என்று கவனியுங்கள். அவர்கள் வாயால் சொல்வதைவிட அது நம்பகமானது.

அடுத்து ஒரே ஒரு லெவலை இறுதித் தரத்தில், ஓவியம், ஒலி உட்பட முடியுங்கள். இதற்கு வெர்டிகல் ஸ்லைஸ் என்று பெயர். ஒரு லெவலுக்கு உண்மையில் எத்தனை நாள் ஆகிறது என்பது இங்கேதான் தெரியவரும். இதைச் செய்யாமல் போடும் கால அட்டவணை வெறும் ஊகம்தான்.

அதிக சேதம் நடக்கும் இடம் வெர்ஷன் கன்ட்ரோல், அதாவது கோப்புகளில் யார் எதை மாற்றினார் என்ற வரலாற்றைக் காக்கும் ஏற்பாடு. இதற்குப் பலரும் பயன்படுத்தும் கிட் (Git), இருவர் செய்த மாற்றங்களை வரிவரியாக ஒப்பிட்டு இணைக்கும். ஃபோட்டோஷாப் கோப்பிலும் ஒலிக்கோப்பிலும் கேம் உருவாக்கும் மென்பொருளான அன்ரியலின் யுஅசெட் (.uasset) கோப்பிலும் இணைக்க வரிகளே இல்லை. இரண்டு பேர் ஒரே கோப்பைத் திருத்தினால் ஒருவர் உழைப்பு வீண். அதனால் முதல் கமிட்டுக்கு (மாற்றங்களைக் கிட்டில் பதிவதற்கு) முன்பே, பெரிய கோப்புகளைத் தனியே வைக்கும் கிட் எல்எஃப்எஸ் (Git LFS) நிறுவி, இந்த வகைக் கோப்புகளை அதில் சேர்த்து, ஒரு நேரத்தில் ஒருவரே திருத்தும்படி பூட்டக்கூடியவை என்றும் குறித்துவிடுங்கள். பிறகு சேர்த்தால் பழைய வரலாற்றின் பாரம் குறையாது, வரலாற்றையே திருத்தி எழுத வேண்டிவரும். கிட் கோப்புகளை இணையத்தில் வைக்கும் கிட்ஹப்பில் 100 எம்பியைத் தாண்டிய கோப்பு எல்எஃப்எஸ் இல்லாமல் ஏறவே ஏறாது. ஓவியர்கள் அதிகமுள்ள குழுக்கள் பெர்ஃபோர்ஸ் என்ற வேறொரு வெர்ஷன் கன்ட்ரோல் மென்பொருளை நாடுவதும் பூட்டும் வசதிக்காகவும் பெரிய கோப்புகளைத் தாங்குவதற்காகவும்தான்.

கேம் உருவாக்கும் இன்னொரு மென்பொருளான யூனிட்டியில் லைப்ரரி ஃபோல்டரை ஏற்றாதீர்கள், அது தானாக மறுபடி உருவாகும். மெட்டா கோப்புகளைக் கட்டாயம் ஏற்றுங்கள். ஒவ்வொரு பொருளின் அடையாள எண்ணும் அதில்தான் இருக்கிறது. அது விடுபட்டால் அடுத்தவர் கணினியில் புது எண் பிறக்கும், சீனில் (ஆட்டத்தின் ஒரு காட்சியில்) இருந்த இணைப்புகள் அறுந்துபோகும். சீன் கோப்பு எழுத்து வடிவில் இருந்தாலும், இருவர் செய்த மாற்றங்களை அதில் இணைப்பது பெரும்பாடு. சீனை ப்ரீஃபேப்களாக (தனிக் கோப்பில் சேமித்து மறுபடி பயன்படுத்தும் துண்டுகளாக) பிரித்து, ஒரு சீனுக்கு ஒருவரே பொறுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நேரக் கணக்கும் வேறு. இணையச் சேவை எப்போதாவது 200 மில்லிநொடி தாமதித்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். கேமில் நொடிக்கு 60 ஃபிரேம் (திரையில் வரையப்படும் படம்) என்றால், ஒவ்வொரு ஃபிரேமுக்கும் உள்ளீடு, இயற்பியல், வரைதல் எல்லாம் சேர்ந்து 16.67 மில்லிநொடிக்குள் முடிய வேண்டும். ஒரு ஃபிரேமுக்கு 40 மில்லிநொடி ஆனால் கண்ணுக்கே உறுத்தும். குண்டு, துகள் போன்றவற்றை ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாக்கினால் பயன்படாத நினைவகத்தைத் துப்புரவு செய்யும் கார்பேஜ் கலெக்டர் குறுக்கிட்டு, ஆட்டம் இப்படித்தான் திக்கும். முன்கூட்டியே உருவாக்கி மறுபடி மறுபடி பயன்படுத்துங்கள். நகர்வை டெல்டா டைமால் (முந்தைய ஃபிரேமிலிருந்து கடந்த நேரத்தால்) பெருக்க மறந்தால், 60 ஃபிரேமில் சரியாக ஓடியது 120 ஃபிரேம் திரையில் இரட்டிப்பு வேகத்தில் ஓடும். வேகத்தை அளப்பது எடிட்டரில் அல்ல, நீங்கள் ஆதரிக்கும் மிகப் பலவீனமான போனில். அதுவும் 20 நிமிடம் ஆடியபின் அளந்து பாருங்கள், சூடேறினால் சிப் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

சேதக் கணக்கு, பொருள் பட்டியல், சேமிப்புக் கோப்பு ஆகியவற்றுக்கு யூனிட் டெஸ்ட் (நிரலின் சிறு பகுதியைத் தானாகச் சோதிக்கும் நிரல்) எழுதுங்கள். குதிப்பு இதமாக இருக்கிறதா என்பதற்கு டெஸ்ட் கிடையாது. குதிக்கும் உயரம், எதிரியின் வேகம் போன்ற எண்களை நிரலிலிருந்து தரவுக் கோப்புக்கு மாற்றிவிட்டால், டிசைனரே ஒரு நாளில் ஐம்பது முறை திருத்திப் பார்ப்பார், உங்களுக்காகக் காத்திருக்க மாட்டார்.