யூடியூப் சுத்திக்கொண்டே நிற்கிறதா? காசைக் கரைக்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"பக்கேஜ் போட்டு ரெண்டு நாள்கூட ஆகேல்ல, டேட்டா முடிஞ்சுது." "சிக்னல் நாலு கோடு நிக்குது, வீடியோ மட்டும் சுத்துது." மாங்குளத்திலோ மல்லாவியிலோ புதுக்குடியிருப்பிலோ ஒரு போன் கடையில் கொஞ்ச நேரம் நின்றால் இந்த இரண்டு முறைப்பாடும் காதில் விழும். கூடவே ஒரு தீர்ப்பும் வரும்: "கொம்பனிக்காரன் வேணுமெண்டு இறுக்கிறான்." சில நேரம் அது உண்மை. பல நேரம் காரணம் வேறு. எது என்று பார்க்காமல் சிம்மை மாற்றி, பக்கேஜை மாற்றி, யாரோ விற்கும் ஃபைலை ஏற்றி, கூலி வேலைக்குப் போய் உழைத்த காசு இப்படிப் போவது எனக்குப் பொறுக்கவில்லை. வன்னியில் பல வீடுகளுக்குப் போன் டேட்டாதான் ஒரே இணையம். பிள்ளையின் பாடம், வெளிநாட்டிலிருக்கும் மகனோடு அம்மா கதைப்பது, நெல் விலை விசாரிப்பது எல்லாம் அந்த ஒரு சிம்மில் ஓடுகின்றன.

எல்லாவற்றுக்கும் ஒரே காரணம் சொல்வது

முதல் தவறும் பெரிய தவறும் இதுதான். சிறுபோகத்தில் எல்லா வயலும் ஒரே நேரம் தண்ணீர் கேட்டால் வாய்க்காலின் கடைசிக் காணிக்கு வந்து சேராது. துருசை ஒருவர் இறக்கிவிட்டாலும் வந்து சேராது. வயலில் நிற்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஆனால் முதலாவது நெரிசல், இரண்டாவது ஒருவர் எடுத்த முடிவு.

போனில் தெரியும் கோடுகள் டவரின் அலை எவ்வளவு பலமாக வருகிறது என்பதை மட்டும் காட்டுகின்றன. அந்த டவரை அதே நேரத்தில் எத்தனை பேர் பங்கு போடுகிறார்கள் என்பதைக் காட்டுவதில்லை. ஒரு டவரை நம்பிப் பல கிராமங்கள் இருக்கும் இடத்தில், இரவுச் சாப்பாட்டு நேரத்தில் எல்லா வீட்டிலும் வீடியோ ஓடத் தொடங்கினால், நாலு கோடு நின்றாலும் வேகம் விழும். இதில் யாரும் எந்தச் செயலியையும் குறிவைக்கவில்லை.

குறிவைத்து இறுக்குவது வேறு விஷயம். நிறுவனத்தின் வலையமைப்பில் இருக்கும் கருவி, போகிற வருகிற தரவு எந்தச் செயலிக்குரியது என்று வகை பிரிக்கிறது. நீங்கள் பார்க்கும் வீடியோவின் உள்ளடக்கம் மறைகுறியாக்கப்பட்டிருந்தாலும், இணைப்புத் தொடங்கும் முதல் செய்தியில் நீங்கள் போக விரும்பும் தளத்தின் பெயர் பொதுவாக வெளிப்படையாகவே இருக்கும். அதை வாசித்து, "இது வீடியோ" என்று கண்டால் வேகத்துக்கு ஓர் உச்ச அளவு போடலாம். அமெரிக்காவில் டீ-மொபைல் நிறுவனம் 2015 நவம்பரில் தொடங்கிய திட்டம் இப்படித்தான் வேலை செய்தது: வீடியோவைச் செக்கனுக்கு ஏறத்தாழ 1.5 மெகாபிட்டுக்கு மட்டுப்படுத்தி, 480பி தரத்துக்கு இறக்கியது. அங்குள்ள இன்னொரு நிறுவனமான வெரைசன் 2017 ஜூலையில் நெட்பிளிக்ஸ், யூடியூப் வேகங்களை 10 மெகாபிட் அளவில் மட்டுப்படுத்தியது பாவனையாளர்களின் கண்ணில்பட்டபோது, அது வெறும் பரிசோதனை என்று விளக்கம் சொன்னது.

ஆனால் குற்றத்தை எப்போதும் சிம் கொம்பனியின் தலையில் போடவும் முடியாது. அமெரிக்காவின் ஏடிஅண்ட்டீ, வெரைசன் சிம் நிறுவனங்களின் வாடிக்கையாளர்களுக்குத் தன் வீடியோவைப் பல வருடங்களாகச் செக்கனுக்கு 600 கிலோபிட்டுக்குக் குறைத்து அனுப்பியது தானேதான் என்று நெட்பிளிக்ஸ் 2016 மார்ச்சில் ஒப்புக்கொண்டது. கொரோனாக் காலத்தில், 2020 மார்ச்சில், யூடியூப் தன் வீடியோக்களின் இயல்பான தரத்தை உலகம் முழுக்கத் தற்காலிகமாகக் குறைத்தது. போனிலேயே 'டேட்டா சேவர்' போட்டுவிட்டு மறந்தவர்களும் நிறைய. அரசாங்கத் தடை இன்னொன்று. 2018 மார்ச்சில் கண்டிக் கலவரத்தின்போதும், 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகும், 2022 ஏப்ரல் 3 ஆம் திகதியும் சமூக ஊடகங்கள் நாடு முழுக்க முடக்கப்பட்டன. அது எல்லாச் சிம்மிலும் ஒன்றாக வரும். அந்த நேரம் சிம் மாற்றிப் பலனில்லை.

"உங்கள் நாட்டில் கிடைக்காது" என்று திரையில் வந்தால் அதுவும் சிம் கொம்பனியின் வேலையல்ல. இந்தியாவுக்கு மட்டும் உரிமை வாங்கிய தொடரும் கிரிக்கெட் ஆட்டமும் இங்கே திறக்காது, அவ்வளவுதான்.

ஒரு தடவை பார்த்துவிட்டு முடிவுகட்டுவது

இரவு எட்டு மணிக்கு ஒருமுறை வேகம் பார்த்துவிட்டு, அந்தப் படத்தைப் பேஸ்புக்கில் போடுவது நிரூபணம் ஆகாது. ஒரே போன், ஒரே இடம், ஒரே சிம். ஆனால் மூன்று நேரங்கள்: விடியக் காலை, மதியம், இரவு. ஒவ்வொரு நேரமும் மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

ஒன்று, வழக்கமான வேகச் சோதனைச் செயலி. அது அளப்பது உங்களுக்கு அருகிலுள்ள சோதனைச் சேர்வருக்கு உள்ள பாதையை. சில நேரம் அந்தச் சேர்வர் சிம் கொம்பனியின் வலையமைப்புக்குள்ளேயே இருக்கும். அதனால்தான் அங்கே நல்ல இலக்கம் வந்தும் யூடியூப் சுத்துகிறது. இரண்டு, நெட்பிளிக்ஸ் 2016 இல் தொடங்கிய ஃபாஸ்ட் டொட் கொம். அது நெட்பிளிக்ஸின் சொந்தச் சேர்வர்களிலிருந்து அளப்பதால், அந்தப் பாதையில் இறுக்கம் இருந்தால் அதிலேயே தெரியும். மூன்று, யூடியூப் செயலிக்குள்ளேயே இருக்கும் 'ஸ்டாட்ஸ் ஃபோர் நேர்ட்ஸ்'. செட்டிங்ஸில் ஜெனரல் பகுதியில் அதைத் திறந்துவிட்டு, பிறகு வீடியோவின் பல்லுச் சக்கரக் குறியை அழுத்தினால் கிடைக்கும். வீடியோ ஓடும்போதே இணைப்பின் வேகமும், முன்கூட்டி எத்தனை செக்கன் வீடியோ சேர்ந்திருக்கிறது என்பதும் அதில் ஓடிக்கொண்டிருக்கும்.

இரவில் மூன்றும் ஒன்றாக விழுந்து விடிய மூன்றும் நிமிர்ந்தால் அது டவர் நெரிசல். நாளின் எந்த நேரத்திலும் பொது வேகம் 12 மெகாபிட் என்று காட்டி, வீடியோ மட்டும் 1.5 இலேயே நின்றால் சந்தேகப்பட இடமுண்டு. இங்கே கவனிக்க வேண்டியது அந்த இலக்கத்தின் நடத்தை. நெரிசலில் வேகம் ஏறும், இறங்கும், துள்ளும். யாரோ போட்ட உச்ச அளவு மட்டமாகக் கோடு போட்டதுபோல நிற்கும்.

இன்னும் உறுதியாகப் பார்க்க 'வெஹே' என்ற இலவசச் செயலி உண்டு. அமெரிக்காவின் நோர்த் ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செய்தது. யூடியூப், நெட்பிளிக்ஸ் போன்றவற்றின் தரவைப்போலவே ஒன்றை அனுப்பிப் பார்த்து, பிறகு அதே அளவான தரவை அடையாளம் தெரியாதபடி குழப்பி அனுப்பிப் பார்க்கும். இரண்டுக்கும் வேகம் வேறுபட்டால் யாரோ வகை பிரிக்கிறார்கள். பிரான்சின் தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்துநர் இதைத் தன் நாட்டுப் பாவனையாளர்களுக்குப் பரிந்துரைத்திருக்கிறது. எல்லாச் சோதனையும் டேட்டாவைத் தின்னும். கையிருப்புக் குறைவென்றால் வெஹேயை இரவு டேட்டாவில் ஓட்டுங்கள்.

யூடியூப் பக்கேஜை முழு இணையமாக நினைப்பது

டேட்டா சீக்கிரம் முடிந்தது என்று வருபவர்களில் நிறையப் பேருடைய காசு போகும் இடம் இது. ஒரு செயலிக்கென்று விற்கும் பக்கேஜ், அந்தச் செயலிக்குரியது என்று நிறுவனத்தின் கருவி அடையாளம் கண்ட தரவை மட்டுமே அந்தக் கணக்கில் கழிக்கும். அடையாளம் காணாதது பொது டேட்டாவில் போகும். அதுவும் இல்லையென்றால் சில இணைப்புகளில் காட் காசில் போகும்.

ஒரு க.பொ.த. சாதாரண தர மாணவியை நினைத்துப் பாருங்கள். கணித வகுப்பு வீடியோவை யூடியூப்பில் பார்க்கிறாள், பக்கேஜில் கழிகிறது. வீடியோவுக்குக் கீழே ஆசிரியர் கொடுத்த இணைப்பை அழுத்தி வினாத்தாளை இறக்குகிறாள். அது கூகுள் டிரைவில் இருக்கிறது, பொது டேட்டா. விளம்பரத்தில் கை பட்டு வேறு தளம் திறக்கிறது, பொது டேட்டா. சமூக ஊடகப் பக்கேஜிலும் இதே கதைதான். பேஸ்புக்கில் ஒரு செய்தித் தலைப்பை அழுத்தினால், பேஸ்புக்கின் உள்ளேயே திறப்பதுபோலத் தெரிந்தாலும் அந்தத் தளம் வேறு. வட்ஸ்அப்பில் எழுத்தும் படமும் சேர்ந்த பக்கேஜில் அழைப்புகள் சேராமல் இருக்கலாம். ஹொட்ஸ்பொட் போட்டு அண்ணனின் போனுக்குக் கொடுத்தால் சேராமல் இருக்கலாம்.

எல்லாவற்றையும்விட அடிக்கடி நடப்பது, தரவை மறைத்து வேறொரு சேர்வர் வழியாக அனுப்பும் வி.பி.என். ஏதோ ஒன்றைத் திறக்க என்று போட்ட வி.பி.என். பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும். அது ஓடும்போது கருவிக்கு யூடியூப் தெரியாது, வி.பி.என். மட்டுமே தெரியும். யூடியூப் பக்கேஜில் 10 ஜிபி தொடாமல் கிடக்க, பொது டேட்டா இரண்டு நாளில் காலியாகும். பக்கேஜ் போடும் முன் மேலே சாவிக் குறி இருக்கிறதா என்று பாருங்கள்.

அளவும் தெரிந்திருக்க வேண்டும். செக்கனுக்கு 1.5 மெகாபிட்டில் ஓடும் 480பி வீடியோ மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 675 எம்பி எடுக்கும். எச்டி தரத்தில் மணிக்கு 3 ஜிபி வரை போகலாம் என்று நெட்பிளிக்ஸே சொல்கிறது. ஆறு அங்குலத் திரையில் பாடம் கேட்க 480பி தாராளம். கரும்பலகையின் எழுத்துத் தெரியாவிட்டால் மட்டும் 720பிக்கு ஏற்றுங்கள். 'ஓட்டோபிளே'யை நிறுத்திவிடுங்கள். பிள்ளை தூங்கிய பிறகும் அடுத்தடுத்த வீடியோ ஓடும்.

"அன்லிமிட்டெட்" என்ற சொல்லை அப்படியே நம்புவதும் இதோடு சேர்ந்த தவறு. நியாயமான பாவனைக் கொள்கை என்று ஒரு வரி பெரும்பாலும் கீழே இருக்கும். குறித்த அளவு தாண்டினால் வேகம் குறையும், வட்ஸ்அப் எழுத்துப் போகும், வீடியோ போகாது. இறுக்கப்படுவது உண்மைதான், ஆனால் நீங்கள் வாங்கும்போதே சம்மதித்த இறுக்கம். கடைக்காரத் தம்பியிடம் கேட்க வேண்டிய கேள்வி "எத்தனை ஜிபி?" என்பது மட்டுமல்ல: "எத்தினை ஜிபிக்குப் பிறகு குறையும்? எவ்வளவுக்குக் குறையும்? ஹொட்ஸ்பொட் சேருமோ?"

டெலிகிராமில் ஃபைல் வாங்குவது

இதை எழுத வேண்டும் என்று உட்கார்ந்ததே இந்தப் பகுதிக்காகத்தான். கொரோனாக் காலத்தில் ஸூம் வகுப்புக்கென்று மலிவான பக்கேஜ்கள் வந்தபோது, அவற்றில் முழு இணையத்தையும் ஓட்டலாம் என்று டெலிகிராம் குழுக்களில் வி.பி.என். செட்டிங்ஸ் ஃபைல் விற்கும் இந்த வியாபாரமும் வளர்ந்தது. முதல் செய்தியில் தளத்தின் பெயர் வெளிப்படையாகப் போகிறது என்று மேலே சொன்னேன் அல்லவா? அந்த இடத்தில் ஸூமின் பெயரை வைத்து, தரவை முழுக்கத் தங்கள் சேர்வருக்கு இழுப்பதுதான் வி2ரே என்ற மென்பொருளுக்கான இந்த ஃபைல்களின் வேலை. கருவி ஸூம் என்று நம்பி ஸூம் கணக்கில் கழிக்கும். நீங்கள் படம் பார்ப்பீர்கள்.

மலிவு என்பதால் பெடியள் வாங்குகிறார்கள், பிறகு அம்மாவின் போனிலும் ஏற்றிக் கொடுக்கிறார்கள். என்ன கொடுக்கிறோம் என்று யோசியுங்கள். உங்கள் போனின் எல்லாத் தரவும் முகம் தெரியாத ஒருவரின் சேர்வர் வழியாகப் போகிறது. எந்தத் தளத்துக்கு எப்போது போகிறீர்கள் என்று அவருக்குத் தெரியும். ஃபைலை ஓட்டுவதற்கு என்று பிளே ஸ்டோருக்கு வெளியே இருந்து ஒரு செயலியை இறக்கச் சொல்வார்கள், அது எஸ்எம்எஸ் வாசிக்க அனுமதி கேட்கலாம். வங்கி அனுப்பும் ஓடிபி வருவதும் அதே எஸ்எம்எஸ்ஸில்தான். வெளிநாட்டிலிருந்து மகன் அனுப்பும் காசு வரும் கணக்கு அந்தப் போனில் இருக்கிறது. சில நூறு ரூபா மிச்சத்துக்கு அதைத் திறந்து வைக்காதீர்கள். நிறுவனம் வழியை அடைத்த அன்றைக்கே ஃபைல் செத்துவிடும். விற்றவர் குழுவையே அழித்துவிட்டுப் போவார். ஒப்பந்தத்தை மீறியதற்காகச் சிம்மைத் துண்டிக்கவும் நிறுவனத்துக்கு இடமுண்டு.

'ஸ்பீட் பூஸ்டர்' செயலிகளைப் பற்றி ஒரு வரி போதும்: டவரில் இல்லாத வேகத்தை எந்தச் செயலியும் தராது.

தமிழ்நாட்டு ஆலோசனையை இங்கே பொருத்துவது

நாம் பார்க்கும் தமிழ்த் தொழில்நுட்ப வீடியோக்களில் பல இந்தியாவில் எடுக்கப்பட்டவை. அங்கே சட்டம் வேறு. 2016 பெப்ரவரி 8 ஆம் திகதி இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், உள்ளடக்கத்தைப் பார்த்து டேட்டாவுக்கு வெவ்வேறு விலை போடுவதைத் தடைசெய்தது. பேஸ்புக்கின் இலவச இணையத் திட்டம் அங்கே நின்றுபோனதும் அதனால்தான். இலங்கையில் யூடியூப் பக்கேஜும் சமூக ஊடகப் பக்கேஜும் பகிரங்கமாக விற்கப்படுகின்றன. "இது சட்டவிரோதம், கேஸ் போடுங்கள்" என்று அங்கிருந்து ஒருவர் சொல்வது நமக்குப் பொருந்தாது. என் மனதில் அந்த இந்திய விதி நியாயமானது. ஒரே சிம்மில் வாழும் வீட்டுக்கு எந்தத் தளம் மலிவு, எந்தத் தளம் விலை என்று நிறுவனம் தீர்மானிப்பது, பிள்ளை எங்கே படிக்கலாம் என்பதையும் தீர்மானிப்பதாக முடிகிறது.

கத்திவிட்டு விட்டுவிடுவது

பேஸ்புக்கில் ஏசுவதால் டவர் பெருகாது. முதலில் நிறுவனத்திடம் முறைப்பாடு செய்து, முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பல நாளாகியும் தீராவிட்டால், கொழும்பு 08, எல்விட்டிகல மாவத்தையில் இருக்கும் இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு எழுதலாம். 1991 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் அரச அமைப்பு அது. தமிழிலேயே எழுதுங்கள். அரச அலுவலகத்துக்குத் தமிழில் எழுதித் தமிழில் பதில் பெறும் உரிமை அரசியலமைப்பில் இருக்கிறது.

"நெட் சரியில்லை" என்று எழுதாதீர்கள். கிராமம், அருகிலுள்ள சந்தி, பக்கேஜின் பெயர், வாங்கிய திகதி, மூன்று நேரச் சோதனையின் ஸ்கிரீன்ஷொட்டுகள், நிறுவனம் தந்த முறைப்பாட்டு இலக்கம் ஆகியவை இருக்கட்டும். டவர் நெரிசல் என்றால் ஒரே வீதியில் ஐந்தாறு வீடுகள் சேர்ந்து, அவரவர் அளவுகளோடு ஒரே கடிதத்தில் கையெழுத்திடுங்கள். மாதர் சங்கமோ கிராம அபிவிருத்திச் சங்கமோ கடிதத் தலைப்பில் அனுப்பினால் இன்னும் நல்லது. ஒரு பிரதியை எடுத்து வைத்துக்கொண்டு பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.