இதய மொடல் செய்யிற பிள்ளையள் தவிர்க்க வேண்டிய பிழையள்

திருகோணமலை உவர்மலையில பின்னேரங்களில லெப்டொப்போட வந்து இதய மெக்கானிக்ஸ் ப்ரொஜெக்ட் (இதயம் விரிஞ்சு சுருங்கிறதைக் கொம்பியூட்டரில கணக்குப் போட்டுப் பாக்கிற மொடல்) செய்யிற பிள்ளையளைப் பாக்கேக்க, எங்கட செட் தொடங்கின காலத்தில விட்ட பிழையள் அப்பிடியே திரும்ப வருது. யூனிட் மாத்திறது, மெஷ்ஷை, அதாவது கணக்குக்காக இதயத்தைப் பிரிக்கிற துண்டுகளை, இன்னும் சின்னனாக்கி விடை மாறுதோ எண்டு பாக்கிறது இதெல்லாம் சேர்மார் சொல்லித் தந்திருப்பினம், அதை விடுறன்.

புரோகிராம் கோட்டைச் சோதிக்காமல் நோயாளியின்ட தரவுக்குப் போறது

2015ல லாண்ட் எண்ட ஆய்வாளரும் வேற ஆய்வுக் குழுக்களும் சேர்ந்து, கோட்டின்ட விடையை ஒப்பிட்டுப் பாக்கிறதுக்கு மூண்டு பெஞ்ச்மார்க் கணக்கு வெளியிட்டவை: வளையிற பீம் (சட்டம்), ஊதுற எலிப்சொயிட் (முட்டை மாதிரி வடிவம்), ஊதிச் சுருங்கிற எலிப்சொயிட். முதல் அதை ஓட்டுங்கோ. விடை ஒத்து வந்தா கோட் கணக்கைச் சரியாச் செய்யுது எண்டு மட்டும்தான் அர்த்தம், இதயம் அப்பிடித்தான் வேலை செய்யுது எண்டு இல்லை.

கேர்வ் பொருந்தினா இதயத் தசையின்ட விறைப்பு தெரிஞ்சிட்டுது எண்டு நினைக்கிறது

எனக்கு இண்டைக்கும் கோவம் வாறது இதுக்குத்தான். ஒரு தங்கச்சி இடது இதயவறை மொடல் ஒண்டு காட்டினா, அழுத்தம் கனவளவு கேர்வ் 30 புள்ளியில கச்சிதமா ஃபிட் ஆயிருக்கு, குச்சோனே மொடலின்ட (இதயத் தசையின்ட விறைப்பைச் சொல்லுற சமன்பாடு) நாலு பரமீட்டரும், சி ஒண்டும் பி மூண்டும், மூண்டு தசமதானத்துக்கு எழுதியிருக்கு. "இந்த 30 புள்ளியும் எங்கால வந்தது தங்கச்சி?" எண்டு கேட்டன். "க்ளொட்ஸ் கேர்வில இருந்து எடுத்தது அக்கா."

2006ல வந்த அந்த முறையில ஒரே ஒரு அழுத்தமும் கனவளவும் இருந்தாலே முழு கேர்வையும் கீறலாம், ஏனெண்டா கேர்வின்ட வடிவம் வேற ஆக்களின்ட இதயங்களில இருந்து வந்த பொது வடிவம். அப்ப 30 புள்ளியும் ஒரே அளவீடு. அதிலயும் எம்ஆர்ஐ கனவளவைத்தான் தரும், அழுத்தம் அளக்க கதீற்றர், அதாவது இதயத்துக்குள்ள விடுற மெல்லிய குழாய், போடவேணும், போடாததால 10 மிமீ மேர்க்குரி எண்டு அவவே எடுத்திருக்கிறா. விரியாத வடிவம், விரிஞ்ச வடிவம், பி பரமீட்டர்கள் எல்லாத்தையும் மாத்தாமல் அழுத்தத்தை 20 எண்டு எடுத்தா சி அச்சொட்டா ரெண்டு மடங்காகும். ஊகிச்ச அழுத்தம்தான் அங்க விறைப்பு எண்ட பேரில நிக்குது.

இன்னும் இருக்கு. விகாரம் (தசை இழுபடுற அளவு) சின்னனா இருக்கேக்க தகைப்பில (தசைக்குள்ள ஓரலகுப் பரப்பில வாற விசையில) தெரியிறது சியையும் பியையும் பெருக்கி வாறது மட்டும்தான், சியை ரெட்டிச்சு பியளைப் பாதியாக்கினாலும் கேர்வ் கிட்டத்தட்ட அதேதான். சந்தையில மீனுக்கும் மரக்கறிக்கும் சேர்த்து மொத்தக் காசு மட்டும் சொன்னா மீன் என்ன விலை எண்டு எப்பிடிச் சொல்லுவியள்? அழுத்தம் கூடக்கூடத்தான் அந்த ரெண்டு மொடலும் பிரியும், அதால 10 மிமீ மேர்க்குரி அழுத்தம் வரைக்கும் ஃபிட் பண்ணிப்போட்டு 30 மிமீயில என்ன நடக்கும் எண்டு சொல்லப் போனா வழுக்கும்.

இதுக்கு மேல பரமீட்டர் ஒவ்வொண்டையும் மற்றதைச் சாராமல் 20 வீதம் கூட்டிக் குறைச்சு சோபோல் சுட்டி (எந்தப் பரமீட்டர் விடையை எவ்வளவு மாத்துது எண்டு காட்டுற அளவு) எடுத்திருந்தவ. சியும் பியும் ஒண்டோட ஒண்டு கட்டுப்பட்டது, ஒண்டையொண்டு சாராமல் மாத்தினா அந்த நோயாளியின்ட கனவளவே வராத இதயங்கள்தான் கனக்க வரும், சேர்வரில ஓடின நேரம் முழுக்க வீண், அந்தப் பிள்ளை நித்திரை முழிச்சதும் வீண்.

சியைப் பல பெறுமானத்தில பூட்டி வைச்சு ஒவ்வொருக்காவும் மற்றதைத் திரும்ப ஃபிட் பண்ணி, பிழை எவ்வளவு கூடுது எண்டு கீறிப் பாருங்கோ. கோடு தட்டையாக் கிடந்தா தனிப் பெறுமானம் எழுதாதேங்கோ, எல்லையை எழுதுங்கோ. டேக் பண்ணின (தசையில கோட்டு அடையாளம் போட்டு எடுத்த) எம்ஆர்ஐயில இருந்து சுவரின்ட விகாரம் எடுக்க முடிஞ்சா அதையும் சேருங்கோ.

ஸ்கேன் வடிவத்தை அழுத்தமில்லாத வடிவம் எண்டு எடுக்கிறது

ஸ்கேன் எடுக்கேக்கயும் உள்ள ரத்தம் சுவரைத் தள்ளிக்கொண்டுதான் இருக்கு. பின்னோக்கிக் கணக்குப் போட்டு விரியாத வடிவத்தை எடுக்கவேணும், விறைப்பை மாத்தினா அந்த வடிவமும் மாறும், அதால மாத்திப் பாக்கிற ஒவ்வொரு பரமீட்டர் தொகுதிக்கும் திரும்ப எடுக்கவேணும்.

இதயத்தைச் சுத்தியிருக்கிற பையை மொடலில சேர்க்காமல் விடுறது

விடாதேங்கோ.

எமுலேற்றர்

எமுலேற்றர் எண்டது பெரிய மொடலின்ட விடையளைக் காட்டிப் பழக்கின, கெதியா விடை தாற மாற்று மொடல். பழக்கின எல்லைக்கு வெளியில அதை ஒண்டும் கேக்காதேங்கோ.

"மொடலை நம்பலாம்" எண்டு பொதுவா எழுதுறது

எதுக்கு நம்பலாம்? 2018ல வந்த ஏஎஸ்எம்ஈயின்ட (அமெரிக்க இயந்திரப் பொறியியலாளர் சங்கம்) வி அண்ட் வி 40 நியமம் கேக்கிறது அதைத்தான்: எந்தக் கேள்விக்கு மொடலைப் பாவிக்கிறியள், விடை பிழைச்சா யாருக்கு என்ன நடக்கும். வகுப்பில காட்டுற படத்துக்குக் காணுமான ஆதாரம், ஒரு நோயாளிக்கு சத்திரசிகிச்சை செய்யிறதோ இல்லையோ எண்டு டொக்டர் யோசிக்கேக்க காணாது. அந்தக் கேள்வியை ரிப்போர்ட்டின்ட முதல் பக்கத்திலயே எழுதிப்போட்டு வேலையைத் தொடங்குங்கோ.