மணல்மேட்டில் இப்ஸ்விச் குருவியைப் பிரித்தறிய
அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையோரம் குளிர்காலத்தில் சவான்னா குருவிகளைப் பார்த்தால், மணல்மேட்டுப் புல்லுக்குள் தனியாக ஓடித் திரிவதைக் கூர்ந்து கவனியுங்கள். அது கனடாவின் சேபிள் தீவில் கூடுகட்டும், சவான்னா குருவியின் இப்ஸ்விச் துணையினமாக இருக்கலாம். வழக்கமான சவான்னாவைவிடச் சற்றுப் பெரிது. முதுகு மணல் கலந்த சாம்பல். மார்புக் கோடுகள் மெலிந்து வெளிர்பழுப்பாக இருக்கும். கண்ணுக்கு மேலுள்ள மஞ்சள் சாயல் இரண்டுக்கும் உண்டு, அதை வைத்துப் பிரிக்க முடியாது.

நிறத்தை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவீர்கள். கடற்கரை வெயிலில் சாதாரணக் குருவியும் வெளுத்துத்தான் தெரியும். மேகம் மூடியிருக்கும் நேரமே நல்லது. இல்லையென்றால் வெயில் உங்கள் முதுகுப்பக்கம் இருக்கட்டும். பக்கத்தில் இன்னொரு சவான்னா நின்றால் அளவையும் ஒப்பிட்டுவிடலாம். பறக்கும்போது வாலின் இரு ஓரமும் வெள்ளையாகத் தெரிந்தால் அது வேறு இனமான வெஸ்பர் குருவி.