முதலில் கேமரா, அப்புறம் காரணம்: பாதுகாப்பு மானியத்தில் சறுக்கும் இடங்கள்

அமெரிக்காவில் ஒரு தமிழ்க் கோயில் கமிட்டி இருந்தால், என்றாவது ஒரு நாள் இந்தப் பேச்சு வந்தே தீரும். யாராவது ஒருவர் போனைப் பார்த்துக்கொண்டே, "பக்கத்து ஊர் சர்ச்சுக்கு கவர்மென்ட் ஒன்றரை லட்சம் டாலர் கொடுத்திருக்காம், கேமராவும் வேலியும் போட. நாமளும் கேட்டுப் பார்க்கலாமே?" என்பார். அடுத்த ஐந்தாவது நிமிடம் எத்தனை கேமரா, எந்த மூலையில் என்று விவாதம் சூடுபிடித்துவிடும். எதற்கு என்ற கேள்வியை யாரும் கேட்க மாட்டார்கள். நானும் அப்படி ஒரு கூட்டத்தில் உட்கார்ந்து "பார்க்கிங்குக்கு நாலு" என்று சொன்னவன்தான். முதல் வருடம் எங்கள் விண்ணப்பம் தேறவில்லை.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு உருவான உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை 2003 மார்ச்சில் வேலையைத் தொடங்கியது. அதன் கீழ் இருக்கும் ஃபெமா என்ற பேரிடர் நிர்வாக அமைப்பு வழியாக மாநிலங்களுக்கு ஒன்று, ஆபத்து அதிகமுள்ள பெருநகரங்களுக்கு ஒன்று, கோயில், சர்ச், மசூதி, பள்ளிக்கூடம் போன்ற லாப நோக்கற்ற அமைப்புகளுக்கு ஒன்று என்று தனித்தனியாக மானியங்கள் உண்டு. மாநிலத்துக்கு வரும் மானியத்தில் 80 சதவீதத்தை 45 நாளுக்குள் உள்ளூர் அமைப்புகளுக்கு ஒதுக்கிவிட வேண்டும். லாப நோக்கற்ற அமைப்புகளுக்கு 2024 நிதியாண்டில் 45 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கினார்கள்; ஓர் இடத்துக்கு அதிகபட்சம் ஒன்றரை லட்சம் டாலர். தொகையும் வரம்பும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். அதனால் அந்தந்த ஆண்டின் அறிவிப்பைப் படிக்காமல் எதிலும் இறங்காதீர்கள்.

இனி தவறுகளுக்கு வருவோம். பொருளை முடிவு செய்துவிட்டு அப்புறம் ஆபத்தைத் தேடுவதுதான் எல்லாவற்றுக்கும் தாய். நம் கமிட்டிகள் மட்டும் செய்வதில்லை, போலீஸ் இலாகாக்களும் செய்திருக்கின்றன. நியூ ஹாம்ப்ஷயரில் கீன் என்று ஒரு ஊர், சுமார் 23,000 பேர் வாழும் இடம். பேர்கேட் என்ற கவச வண்டி வாங்க அந்த ஊர் 2,85,933 டாலர் மானியம் பெற்றது. தாக்கப்படக்கூடிய இடங்கள் என்று விண்ணப்பத்தில் சொன்னவற்றில் ஒன்று, ஊரின் பூசணிக்காய்த் திருவிழா! செனட்டர் டாம் கோபர்ன் 2012 டிசம்பரில் இந்த மானியங்களைப் பற்றி வெளியிட்ட அறிக்கையில் இதையும் சேர்த்து வெளுத்து வாங்கினார். மிச்சிகனில் 13 மாவட்டங்களுக்கு ஐஸ் துருவும் மெஷின் வாங்கிய கதையும் அதில் வருகிறது, மொத்தம் 11,700 டாலர். வெயில் தாங்காமல் மயங்குகிறவர்களுக்கு ஐஸ் கொடுக்கலாம் என்பது அவர்கள் தரப்பு நியாயம். 2014இல் கீன் திருவிழாவின்போது நிஜமாகவே கலவரம் நடந்தது. ஆனால் அதைச் செய்தது குடித்துவிட்டு பாட்டில் வீசிய இளவட்டங்கள், பயங்கரவாதிகள் இல்லை.

கணக்கெடுப்பிலேயே இந்தக் கோளாறு இருந்தது. நாடு முழுவதும் காக்க வேண்டிய இடங்கள் என்று உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை வைத்திருந்த பட்டியலை அதன் தணிக்கை அதிகாரி 2006இல் ஆராய்ந்தார். நியூயார்க்கில் 5,687 இடங்கள், இண்டியானாவில் 8,591! சோளப்பொரி செய்யும் ஒரு சிறு கம்பெனியும் குழந்தைகள் ஆட்டுக்குட்டியைத் தடவிப் பார்க்கும் பண்ணையும்கூட அதில் இருந்தன. எது எதற்காக ஆபத்தில் இருக்கிறது என்று யோசிக்காமல் அவரவர் ஊரில் இருப்பதை எல்லாம் எழுதி அனுப்பினால் அப்படித்தான் ஆகும்.

விண்ணப்பத்தைப் படிப்பவர் மூன்று விஷயங்களைத் தேடுகிறார். உங்களை யார் தாக்கக்கூடும், அவர்கள் எந்த ஓட்டை வழியாக வருவார்கள், வந்தால் என்ன ஆகும். "இந்துக் கோயில்களுக்கு அச்சுறுத்தல் இருக்கிறது" என்று பொதுவாக எழுதினால் மதிப்பெண் விழாது. சுவரில் கிறுக்கியது, மிரட்டல் மெயில், யாரோ காரை நிறுத்திவிட்டு வாசலில் நின்று கத்தியது, இப்படி எது நடந்தாலும் உடனே போலீஸில் சொல்லி, புகார் எண்ணை வாங்கி வைக்க வேண்டும். நாம் இதைச் செய்வதில்லை. "எதுக்கு வம்பு" என்று சுண்ணாம்பு அடித்து மூடிவிடுகிறோம். மூன்று வருடம் கழித்து விண்ணப்பம் எழுத உட்காரும்போது கையில் ஒரு காகிதம் இருக்காது. எங்களுக்கும் அதுதான் நடந்தது. 2012 ஆகஸ்டில் விஸ்கான்சின் ஓக் கிரீக் குருத்வாராவில் நடந்த துப்பாக்கிச் சூட்டை எடுத்துக்காட்டாகச் சொல்லலாம், தப்பில்லை. ஆனால் அதற்கும் உங்கள் ஊருக்கும் உள்ள தொடர்பை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஓட்டையும் அப்படித்தான். "கட்டடம் பாதுகாப்பாக இல்லை" என்பது பதில் ஆகாது. அன்னதானம் நடக்கும் சனிக்கிழமைகளில் பாத்திரம் கொண்டுபோக வசதியாகச் சமையலறைப் பின்கதவை ஒரு செங்கல் வைத்துத் திறந்து வைத்திருக்கிறோம் என்றால் அதை எழுதுங்கள். வைகுண்ட ஏகாதசி அன்று எத்தனை பேர், எத்தனை மணி நேரம், எத்தனை கதவு என்று எண்ணில் சொல்லுங்கள். படிக்கிறவருக்குக் கும்பாபிஷேகம் என்றால் என்னவென்று தெரியாது. ஆனால் ஒரு கூடத்துக்குள் 1,500 பேர், வெளியே போக இரண்டே வழி என்றால் புரியும். இந்த ஓட்டைகளைக் கணக்கெடுத்துத் தர சிசா என்ற மத்திய அமைப்பின் பாதுகாப்பு ஆலோசகர்கள் ஒவ்வொரு பகுதியிலும் இருக்கிறார்கள். காசு வாங்க மாட்டார்கள். ஆனால் மானிய அறிவிப்பு வந்த பிறகு கூப்பிட்டால் வரிசையில் நிற்க வேண்டியதுதான். ஆறு மாதம் முன்பே கூப்பிட்டுவிடுங்கள்.

அடுத்தது நல்ல மனசோடு வருகிற ஆபத்து. கேமரா போடும் கம்பெனிக்காரர் ஒருவர், பெரும்பாலும் கமிட்டியில் ஒருவருக்குத் தெரிந்தவர், "விண்ணப்பத்தை நானே இலவசமா எழுதித் தர்றேன் சார்" என்பார். வேண்டாம். மத்திய அரசுப் பணத்தில் வாங்கும்போது, என்ன வாங்குவது என்று எழுதிக்கொடுத்தவர் அந்த வேலைக்குப் போட்டியிடக் கூடாது. கமிட்டி உறுப்பினரோ அவர் குடும்பமோ நடத்தும் கம்பெனிக்கு வேலையைக் கொடுப்பதில் அவர் முடிவெடுக்கவும் கூடாது. சிறு தொகையைத் தாண்டினால் பல இடங்களில் விலை கேட்க வேண்டும், கேட்டதற்குக் காகிதம் இருக்க வேண்டும். காசு வாங்கி எழுதித் தருகிறவர்களிடம் வேறு சிக்கல். பத்துக் கோயிலுக்கு ஒரே விண்ணப்பத்தைப் பெயர் மாற்றிக் கொடுப்பார்கள், படிக்கிறவருக்கு அது உடனே தெரிந்துவிடும். அவர்களுக்குக் கொடுக்கும் கூலியையும் மானியத்தில் எழுத முடியாது.

சின்னச் சின்ன வாசல்படி விஷயங்களில் தடுக்கி விழுகிறவர்களும் நிறைய. விண்ணப்பம் நேராக ஃபெமாவுக்குப் போகாது. மாநிலத்தின் நிர்வாக அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும், அவர்கள் வைக்கும் கடைசி நாள் முன்னதாகவே முடிந்துவிடும். யூஇஐ என்ற அடையாள எண் வேண்டும், அது இலவசம். காசு கேட்கிற இணையதளம் அரசுடையது இல்லை. பெருநகரப் பகுதிக்குள் இருக்கிறீர்களா, வெளியே இருக்கிறீர்களா என்பதைப் பார்த்துச் சரியான பிரிவில் போட வேண்டும்.

சரி, மானியம் கிடைத்துவிட்டது, மெயில் வந்துவிட்டது, லட்டு கொடுத்தாயிற்று. இப்போதுதான் பெரிய தப்பு நடக்கும். எனக்குத் தெரிந்த ஒரு கோயிலில் மறுவாரமே ஆளைக் கூப்பிட்டு வேலிக்குக் குழி தோண்டிவிட்டார்கள். தரையைத் தோண்டுகிற, சுவரில் துளை போடுகிற வேலைக்கெல்லாம் சுற்றுச்சூழல் மற்றும் பழைமைச் சின்னங்கள் தொடர்பான ஆய்வை ஃபெமா முடித்து ஒப்புதல் கொடுக்க வேண்டும். அதற்கு முன் கடப்பாரை தரையில் பட்டால் அந்த வேலைக்கான பணம் போய்விடும். அந்தக் கோயிலில் வேலிக் காசை உண்டியலிலிருந்துதான் கொடுத்தார்கள். பழைய சர்ச் கட்டடத்தை வாங்கிக் கோயிலாக்கியிருப்பவர்கள் கூடுதல் கவனமாக இருங்கள். கட்டடம் பழையதாக இருந்தால் ஆய்வு இன்னும் நீளும்.

இன்னொன்று, இந்தப் பணம் பொதுவாக முன்கூட்டி வராது. நீங்கள் செலவு செய்து, ரசீது கொடுத்து, திரும்ப வாங்க வேண்டும். 1,50,000 டாலர் கிடைத்தது என்று அறிவித்துவிட்டு, செலவழிக்கக் கையில் 20,000 மட்டும் வைத்திருக்கும் கோயில் என்ன செய்யும்? வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒன்றின் பணம் வந்தபின் அடுத்ததைத் தொடங்குகிற மாதிரி ஆரம்பத்திலேயே திட்டம் போட வேண்டும்.

வாங்கும் கேமராவின் பெயரையும் பாருங்கள். ஹிக்விஷன், தாஹுவா, ஹுவாவே, இசட்டிஇ, ஹைடெரா ஆகியவற்றின் தொலைத்தொடர்பு, கண்காணிப்புக் கருவிகளை மத்திய மானியத்தில் வாங்க 2020 ஆகஸ்ட் முதல் தடை. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. வேறு பெயர் ஒட்டி விற்கப்படும் பல கேமராக்களைத் தயாரிப்பது ஹிக்விஷனோ தாஹுவாவோதான். தயாரிப்பாளர் யார் என்று கடைக்காரரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

நகராட்சிகள் மாட்டிக்கொள்கிற ஒரு தவறும் உண்டு. ஏற்கெனவே தங்கள் பட்ஜெட்டில் இருக்கும் செலவை மானியத்துக்கு மாற்றுவது. அது கூடாது. இதைவிடப் பெரிய தவறு, ஊர் மக்களிடம் சொல்லாமல் ஊரையே கண்காணிப்பது. கலிபோர்னியாவின் ஓக்லண்டில் துறைமுகப் பாதுகாப்புக்கு வந்த மத்திய பணத்தில் ஒரு கண்காணிப்பு மையம் எழுந்தது. அது நகரம் முழுவதையும் பார்க்கப்போகிறது என்று தெரிந்ததும் மக்கள் கொதித்துவிட்டார்கள். 2014 மார்ச்சில் நகர சபை அதைத் துறைமுகத்துக்குள் மட்டும் சுருக்கியது. இங்கிலாந்தின் பர்மிங்காமில் இன்னும் மோசம். பயங்கரவாதத் தடுப்பு நிதியில் முஸ்லிம்கள் அதிகம் வாழும் தெருக்களில் 218 கேமரா திட்டமிட்டார்கள், சில ஒளித்து வைக்கப்பட்டவை. மக்களிடம் சொன்னதோ பொதுவான குற்றத் தடுப்புக்கு என்று. 2010இல் குட்டு உடைந்தது, போலீஸ் மன்னிப்புக் கேட்டது, கேமராக்களைக் கழற்றினார்கள். செலவு சுமார் 30 லட்சம் பவுண்ட். காசு போனது ஒரு பக்கம். அந்தத் தெருக்காரர்கள் அப்புறம் எதையாவது பார்த்தால் அதே போலீஸிடம் வந்து சொல்வார்களா?

கடைசியாக, எனக்கு மிகவும் உறுத்துகிற ஒன்று. எல்லாப் பணத்தையும் பொருளில் போட்டுவிட்டுப் பயிற்சியை விட்டுவிடுகிறோம். பயிற்சிக்கும் ஒத்திகைக்கும் இந்த மானியத்தில் இடம் உண்டு, கேட்பவர்தான் குறைவு. பாஸ்டன் நகரம் 2013 மாரத்தான் குண்டுவெடிப்புக்கு முன் இரண்டு ஆண்டுகள் மத்திய மானியத்தில் பெரிய ஒத்திகைகள் நடத்தியிருந்தது. சம்பவ இடத்தில் மூன்று பேர் இறந்தார்கள். ஆனால் ஆஸ்பத்திரிக்கு உயிரோடு போய்ச் சேர்ந்தவர்கள் எல்லோரும் பிழைத்தார்கள். 2022 ஜனவரியில் டெக்சாஸின் கோலிவில் யூதக் கோயிலில் துப்பாக்கியோடு வந்தவனிடம் பிணையாக மாட்டிய ரபை சார்லி சைட்ரன்-வாக்கர், பல மணி நேரத்துக்குப் பிறகு ஒரு நாற்காலியை அவன் மேல் வீசிவிட்டு மற்றவர்களோடு ஓடித் தப்பினார். முன்பு எடுத்த பாதுகாப்புப் பயிற்சிகள்தான் காப்பாற்றின என்று அவரே சொன்னார்.

இரண்டாவது முறை எங்களுக்கு மானியம் கிடைத்ததும், கேமராவுக்கு முன்பே ஒரு ஞாயிற்றுக்கிழமை வெளியேறும் ஒத்திகை வைத்தோம். முன்வாசல் அடைபட்டிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள், பக்கவாட்டுக் கதவுகள் வழியாகப் போங்கள் என்று மைக்கில் சொன்னோம். மணி அடித்ததும் முக்கால்வாசிப் பேர் முன்வாசலுக்கே ஓடினார்கள். செருப்பு அங்கேதான் இருந்தது. பக்கவாட்டுக் கதவு ஒன்றில் மடக்கு நாற்காலிகள் அடுக்கியிருந்தன, இன்னொன்றில் அன்னதான அண்டா. இப்போது செருப்பு ஸ்டாண்டை மூன்றாகப் பிரித்து மூன்று கதவுக்கும் வெளியே வைத்திருக்கிறோம். அதற்கு ஆன செலவை மானியத்தில் நாங்கள் கேட்கவில்லை.