பலேர்மோவில் தின்றுகொண்டே சரித்திரம் பார்ப்பது எப்படி: நடைச் சுற்றுலாவுக்கு ஒரு கையேடு

பலேர்மோவில் நடைச் சுற்றுலா என்று தேடினால் பக்கம் பக்கமாக வந்து விழும். எல்லாவற்றிலும் அதே பொரித்த சோற்று உருண்டை, அதே சந்தை, அதே சிரித்த முகங்கள். எதை எடுப்பது என்று குழம்பி, கடைசியில் நட்சத்திரம் அதிகமாக இருக்கிற ஒன்றை அமுக்கிவிடுவோம். வயிறு நிறையும், அதில் சந்தேகமில்லை. ஆனால் சிசிலியின் இந்தத் தலைநகரில் சாப்பாட்டையும் சரித்திரத்தையும் தனித்தனி டூராகப் பிரித்துப் பார்த்தால் இரண்டுமே அரைகுறையாகத்தான் கிடைக்கும். ஃபினீசியர்கள் தொடங்கிய ஊர், பிறகு ரோமர்கள் கையில், 831-இல் அரபுகள் கையில், 1072-இல் நார்மன்கள் கையில், அப்புறம் நீண்ட காலம் ஸ்பானிய ஆட்சி. வந்தவர்கள் விட்டுப்போனதில் பாதி கட்டடங்களில் இருக்கிறது, மீதி வாணலியில். அதனால் என்னென்ன தின்னத் தருவார்கள் என்ற பட்டியலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், கூட்டிப்போகிறவர் யார் என்பதை முதலில் விசாரியுங்கள்.

விசாரிப்பது எளிது. பணம் கட்டுவதற்கு முன் ஒரு செய்தி அனுப்பி, “தேவாலயத்துக்குள் கூட்டிப்போய் விளக்குவீர்களா, வாசலோடு சரியா?” என்று கேளுங்கள். இத்தாலியில் நினைவுச் சின்னங்களுக்குள் நின்று விளக்க உரிமம் பெற்ற வழிகாட்டியாக இருக்க வேண்டும், அதற்குத் தேர்வு உண்டு, அடையாள அட்டை உண்டு. வெறும் உணவு நடை நடத்துகிற பலரிடம் அது இருக்காது. அவர்கள் மோசம் என்று சொல்லவில்லை, சந்தையில் எந்தக் கடையில் எண்ணெய் புதிது என்று அவர்களுக்குத்தான் தெரியும், ஆனால் மொசைக் (வண்ணச் சில்லுகளைப் பதித்துச் செய்த சுவர்ப் படங்கள்) பற்றிக் கேட்டால் கையை நீட்டிக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். இரண்டும் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், சற்று விலை கூடுதல். அவர்களைத்தான் பிடிக்க வேண்டும்.

அடுத்து, கூட்டம் எத்தனை பேர் என்று கேளுங்கள். பத்துப் பேருக்கு மேல் என்றால் சந்தைச் சந்துகளில் பின்னால் நிற்பவருக்கு எதுவுமே கேட்காது, ஏனென்றால் வியாபாரிகள் பாட்டுப் போலக் கூவுகிற கூவலை மீறி யாராலும் பேச முடியாது. எந்தச் சந்தை என்பதும் முக்கியம். பல்லரோ பழைய சந்தை, இன்றும் ஊர்க்காரர்கள் காய்கறி வாங்குகிற இடம். காபோவும் அப்படித்தான். வுச்சிரியா ஒரு காலத்தில் பெரிய சந்தை, ரெனாத்தோ குத்தூசோ 1974-இல் வரைந்த புகழ்பெற்ற ஓவியம் அதைப் பற்றியதுதான், ஆனால் இப்போது அங்கே கடைகள் குறைந்து இரவுக் கூத்துதான் மிச்சம். பகல் நடைக்கு வுச்சிரியாவை மட்டும் காட்டுகிறேன் என்பவரிடம் போகாதீர்கள். அந்த ஓவியத்தைப் பார்க்க வேண்டுமானால் ஸ்தேரி மாளிகைக்குப் போங்கள். அதே வளாகத்தில்தான் கத்தோலிக்க மதத்துக்கு மாறானவர்கள் என்று சந்தேகித்தவர்களை விசாரித்த இன்க்விசிஷனின் சிறை இருந்தது, அடைபட்டவர்கள் சுவரெல்லாம் கிறுக்கி வைத்த படங்களும் வரிகளும் இன்னும் இருக்கின்றன.

நேரம்: காலை ஒன்பதரை, பத்துக்குத் தொடங்குவதையே எடுங்கள். மதியம் பல தேவாலயங்கள் சாத்திவிடுவார்கள், மூன்று நான்கு மணிக்குத்தான் மறுபடி திறப்பார்கள். சந்தையும் காலையில்தான் சந்தையாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், சந்தை சீக்கிரம் கலைந்துவிடும், தேவாலயங்களில் பூசை நடக்கும். ஜூலை, ஆகஸ்ட் வெயிலில் பொரித்த பண்டங்களைத் தின்றுகொண்டு நடப்பது தண்டனை, ஏப்ரல், மே, அக்டோபர் நல்லது. செருப்பு வழுக்காததாக இருக்கட்டும். தெருவில் பாவியிருக்கும் கல் தேய்ந்து பளபளவென்று இருக்கும், மீன் கடை ஓரம் எப்போதும் ஈரம். தோளும் முழங்காலும் மூடிய உடை, தேவாலயத்துக்காக.

வழி எப்படி இருந்தால் நல்ல டூர் என்று எப்படித் தெரிந்துகொள்வது? என் கணக்கில் இப்படி: கரினி வாசலில் தொடங்கி காபோ சந்தை வழியாக கதீட்ரல், அங்கிருந்து குவாத்ரோ கான்ட்டி நாற்சந்தி, பிரெத்தோரியா நீரூற்று, பெல்லினி சதுக்கம், கடைசியில் பல்லரோ. எல்லாம் சேர்த்து மூன்று கிலோமீட்டர்கூட வராது, ஆனால் ஒழுங்காகப் பார்த்தால் நான்கு மணி நேரம் ஓடிவிடும். இரண்டு மணி நேரத்தில் இதை முடிக்கிறேன் என்பவர் உங்களை ஓட்டப் போகிறார்.

கதீட்ரலில் முக்கால்வாசிப் பேர் தவறவிடுகிற ஒன்றைச் சொல்கிறேன். தெற்கு முகப்பு மண்டபத்தின் இடப்பக்கத் தூணில் குர்ஆன் வசனம் செதுக்கியிருக்கும். இந்த இடத்தில் முன்பு பள்ளிவாசல் இருந்தது, நார்மன்கள் காலத்தில், 1185-இல் எழுந்த தேவாலயத்துக்குள் அந்தத் தூண் அப்படியே போய்ச் சேர்ந்துவிட்டது. வழிகாட்டி தானாகக் காட்டாவிட்டால் நீங்கள் கேளுங்கள். குவாத்ரோ கான்ட்டியில் ஐந்து நிமிடம் போதும்: நான்கு மூலைகளிலும் கீழே பருவங்கள், நடுவில் ஸ்பானிய அரசர்கள், மேலே நகரைக் காக்கும் பெண் புனிதர்கள், 17-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்து வேலை. நீரூற்று ஃபிளாரன்ஸில் ஒரு தோட்டத்துக்காகச் செய்தது, 1573-இல் பலேர்மோ நகராட்சி விலைக்கு வாங்கித் துண்டு துண்டாகக் கப்பலில் கொண்டுவந்தது. நிர்வாணச் சிலைகள் மடத்துக் கன்னியாஸ்திரிகளை என்ன பாடு படுத்தின என்ற கதையை எல்லா வழிகாட்டியும் சொல்வார், சிரித்துவிட்டு நகருங்கள்.

நேரத்தைச் செலவழிக்க வேண்டிய இடம் பெல்லினி சதுக்கம். மர்த்தோரானா தேவாலயத்தை 1143-இல் கட்டியவர் நார்மன் மன்னன் ரோஜரின் கடற்படைத் தளபதி, அந்தியோக்கியாவின் ஜார்ஜ், கிரேக்கக் கிறிஸ்தவர். உள்ளே ஒரு மொசைக்கில் கிறிஸ்துவே ரோஜருக்கு முடிசூட்டுகிறார், ரோஜரோ பைசாந்தியப் பேரரசர் மாதிரி உடுத்தியிருக்கிறார், மேலே குவிமாடத்தின் அடியில் மரச்சட்டத்தில் அரபியில் எழுத்து. லத்தீன் அரசன், கிரேக்கச் சுவர், அரபு எழுத்து, ஒரே கட்டடத்தில். 1184 கிறிஸ்துமஸ் சமயத்தில் இங்கே வந்த ஆந்தலூசியப் பயணி இப்னு ஜுபைர் இந்தக் கோயிலைப் பார்த்து அசந்துபோய் எழுதியிருக்கிறார், ஊரின் கிறிஸ்தவப் பெண்கள் முஸ்லிம் பெண்களைப் போல உடுத்தியிருந்ததையும் சேர்த்து. எதிரே சாந்தா கத்தரீனா மடத்துக்குள் இனிப்புக் கடை இருக்கிறது, பழைய மடங்களின் செய்முறைகளில் செய்து விற்கிறார்கள். பாதாம் மாவில் பழம் போலவே செய்து வண்ணம் தீட்டுகிற இனிப்புக்கு மர்த்தோரானா என்றே பெயர், பக்கத்து மடத்துக் கன்னியாஸ்திரிகள் பெயரால் வந்தது. பார்க்க அழகு, ஒன்றுக்கு மேல் தின்ன முடியாது, அத்தனை சர்க்கரை. ரிக்கோட்டா என்ற மென்மையான பாலாடைக்கட்டியை மொறுமொறு ஓட்டுக்குள் அடைத்த கன்னோலோ வாங்கினால் கேட்ட பிறகு நிரப்பித் தருகிற கடையில் வாங்குங்கள், முன்கூட்டி நிரப்பியது நமுத்திருக்கும். செம்மறிப்பால் ரிக்கோட்டா குளிர்காலத்திலும் வசந்தத்திலும்தான் நன்றாக இருக்கும். கசாட்டா என்றதும் நம் ஊர் ஐஸ்க்ரீமை எதிர்பார்க்காதீர்கள், இங்கே அது ரிக்கோட்டா வைத்த கேக்.

இனி சைவக்காரர்களும், மாட்டுக்கறி பன்றிக்கறி தொடாதவர்களும் கவனிக்க வேண்டிய பகுதி. டூர்க்காரர்கள் “சைவம் உண்டு” என்று சொல்வார்கள், அவர்கள் சொல்லும் சைவத்துக்குள் மீன் சுலபமாக நுழைந்துவிடும். ஸ்ஃபின்ச்சோனே என்ற தடித்த பஞ்சு ரொட்டி, தக்காளி வெங்காயம் போட்டது, பார்த்தால் அப்பாவி, உள்ளே நெத்திலி இருக்கும். (அதை விற்றுக்கொண்டு வருகிற மூன்று சக்கர வண்டி பியாஜியோ ஆப்பே, நம் ஊரில் சரக்கு ஏற்றிக்கொண்டு ஓடுகிறதே, அந்தக் குடும்பம்தான்.) பொரித்த சோற்று உருண்டையான அரஞ்சினாவில் பெரிய பொறி ஒன்று உண்டு: வெண்ணெய் அரஞ்சினா என்று பெயர் போட்டதில் ஹாம் (பன்றிக்கறி) துண்டுகள் இருக்கும். கன்னோலோ ஓட்டில் வழக்கமாகப் பன்றிக் கொழுப்பும் கொஞ்சம் ஒயினும் சேர்ப்பார்கள். ஆகவே “சைவம்” என்று மட்டும் எழுதாமல் மீன், நெத்திலி, ஹாம், பன்றிக் கொழுப்பு வேண்டாம் என்று ஒவ்வொன்றாக எழுதி அனுப்புங்கள்.

பயப்பட வேண்டாம், தின்ன நிறைய இருக்கிறது. பனெல்லெ இருக்கிறதே, அதுவே போதும்: கொண்டைக்கடலை மாவை உப்புத் தண்ணீரில் களியாகக் கிண்டி, பார்ஸ்லி தூவி, பரப்பி ஆறவைத்து, வில்லை போட்டு எண்ணெயில் பொரிப்பார்கள். எள் தூவிய ரொட்டிக்குள் வைத்து எலுமிச்சை பிழிந்து தருவார்கள். கூடவே உருளைக்கிழங்குப் பொரியல் உருண்டை. மீன், கறி பொரித்த அதே எண்ணெயா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். கத்தரிக்காய் கப்பொனாத்தா புளிப்பும் இனிப்புமாக நம் நாக்குக்கு உடனே பிடித்துப்போகும். வெயில் காலமானால் பிரியோஷ் ரொட்டியோடு எலுமிச்சை, பாதாம் கிரானீத்தா என்ற அரைத்த பனிக்கட்டி இனிப்பு.

எல்லாம் சாப்பிடுகிறவர்களுக்குச் சோதனை மண்ணீரல் ரொட்டி. கன்றின் மண்ணீரலையும் நுரையீரலையும் வேகவைத்து மெல்லியதாக அரிந்து பன்றிக் கொழுப்பில் புரட்டி ரொட்டியில் அடைப்பார்கள். எலுமிச்சை மட்டும் போட்டால் ‘கல்யாணமாகாதது’, ரிக்கோட்டாவும் பாலாடைக்கட்டியும் சேர்த்தால் ‘கல்யாணமானது’. முதல் தடவைக்குக் கல்யாணமானதையே கேளுங்கள், வாசனை அடங்கியிருக்கும். கம்பியில் சுற்றி நெருப்பில் வாட்டுகிற ஆட்டுக்குடல், ஸ்டிக்கியோலா, எனக்கு அதைவிடப் பிடிக்கும், ஆனால் புகை கிளம்புகிற சாயங்கால நேரத்தில்தான் அதன் கடைகள் களைகட்டும், காலை டூரில் எதிர்பார்க்காதீர்கள்.

இந்த மண்ணீரல் ரொட்டியை வைத்தே வழிகாட்டியை எடை போடலாம். அறுப்புத் தொழில் செய்த யூதர்கள் மதக் கட்டுப்பாட்டால் கூலியாகக் காசு வாங்காமல் உள்ளுறுப்புகளை வாங்கிக்கொண்டார்கள், அவற்றைச் சமைத்து விற்றதில் பிறந்தது இது என்று வழிவழியாகச் சொல்வார்கள். அழகான கதை. நல்ல வழிகாட்டி அதைச் “சொல்வழக்கு” என்று சொல்லிவிட்டு, உறுதியாகத் தெரிந்ததற்கு வருவார்: ஸ்பானிய அரசின் 1492 ஆணையால் சிசிலி யூதர்கள் வெளியேற்றப்பட்டார்கள், அவர்கள் வாழ்ந்த தெருக்களில் இன்று இத்தாலியன், எபிரேயம், அரபி மூன்றிலும் பெயர்ப்பலகை இருக்கிறது. அந்தத் தெருக்கள் நாற்சந்தியிலிருந்து கூப்பிடு தூரம்தான், கூட்டிப்போகச் சொல்லுங்கள். எதைக் கேட்டாலும் “அரபுகள் கொண்டுவந்தது” என்று ஒரே பதிலைச் சொல்கிறவரிடம் “தக்காளியுமா?” என்று கேட்டுப் பாருங்கள். அது ஸ்பானியர்கள் வழியாக அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது.

காசு விஷயம். ‘இலவச நடை’ என்று போட்டிருப்பது இலவசமல்ல, முடிவில் அன்பளிப்பு எதிர்பார்ப்பார்கள், தின்பதற்கு நீங்கள்தான் தனியாகக் கொடுக்க வேண்டும். கட்டண நடையில் தின்பண்டம் சேர்த்திதான், ஆனால் தெருவில் பனெல்லெ ரொட்டி சில யூரோக்கள்தான், ஆக நீங்கள் கொடுப்பதில் பெரும்பங்கு வழிகாட்டியின் அறிவுக்கு. அதனால்தான் அவரை விசாரிக்கச் சொல்கிறேன். சில்லறை யூரோ கையில் வைத்துக்கொள்ளுங்கள். காலையில் ஹோட்டலில் பலகாரத்தை ஒரு காப்பியோடு நிறுத்திவிடுங்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் முழுசாகத் தின்னாமல் இரண்டு பேருக்கு ஒன்று வாங்கினால்தான் பல்லரோ வரை வயிறு தாங்கும்.

மாஃபியா பற்றி வழிகாட்டியிடம் தாராளமாகக் கேளுங்கள், கடைக்காரரிடம் கேலியாகப் பேசாதீர்கள், காட்ஃபாதர் டீ-ஷர்ட்டும் வேண்டாம். மிரட்டலுக்குப் பணம் தர மறுத்த லிபெரோ கிராஸ்ஸி என்ற முதலாளியை 1991-இல் இந்த ஊரில் சுட்டுக் கொன்றார்கள். அடுத்த ஆண்டே மாஃபியாவை எதிர்த்த நீதிபதிகள் ஃபல்கோனேயும் போர்செல்லினோவும் குண்டுவெடிப்புகளில் கொல்லப்பட்டார்கள். நீங்கள் இறங்குகிற விமான நிலையத்துக்கு அவர்கள் பெயர்தான். 2004-இல் தொடங்கிய அத்தியோபீட்சோ இயக்கம் மாமூல் கட்டாத கடைகளுக்கு ஸ்டிக்கர் தருகிறது, கடைக் கண்ணாடியில் கவனியுங்கள். அந்த இயக்கத்திலிருந்து வந்தவர்கள் தனியாக நடைச் சுற்றுலாவும் நடத்துகிறார்கள், இரண்டாம் நாளுக்கு நல்ல தேர்வு.

நாள் மிச்சமிருந்தால் பெல்லெக்ரினோ மலைக்கு ஒரு தனி நடை வையுங்கள், இதற்கு வழிகாட்டி தேவையில்லை. 1624 பிளேக் சமயத்தில் நகரைக் காக்கும் புனிதர் சாந்தா ரொசாலியாவின் எலும்புகள் மலைக்குகையில் கிடைத்தன, அவற்றை ஊர்வலமாகக் கொண்டுவந்ததும் நோய் தணிந்தது என்பது ஊரின் நம்பிக்கை. ஜூலை 14 இரவு அவருக்காக நகரமே தெருவில் இருக்கும், அன்று நத்தை தின்பது வழக்கம். குகைக் கோயிலுக்குப் போனால் தமிழ் காதில் விழும். 1980-களிலிருந்து இங்கே வாழ்கிற ஈழத் தமிழர்கள், இந்துக்களும்தான், ஞாயிற்றுக்கிழமைகளில் ஏறி வந்து ரொசாலியாவை வணங்குகிறார்கள். அவர்களிடம் பேச்சுக் கொடுங்கள், பல்லரோ பக்கம் எங்கே நல்ல சோறு கிடைக்கும் என்பதை எந்த டூரும் இவ்வளவு சரியாகச் சொல்லாது. கல் பாவிய பழைய பாதையில் ஏறினால் ஒன்றிலிருந்து ஒன்றரை மணி நேரம், நகரப் பேருந்தும் உண்டு. செப்டம்பர் 3 இரவு போனால் வெறுங்காலோடு ஏறுகிறவர்கள் கூட்டத்தில் கலந்துகொள்ளலாம். மற்ற நாட்களில் மலையின் மறுபக்கம் இறங்கினால் மொன்தெல்லோ கடற்கரை, ஒரு துண்டு எடுத்துப் போங்கள்.