படித்தது ஏன் நிற்பதில்லை? வகுப்பிலேயே செய்து காட்டுங்கள்

"நல்லா படி" என்று எல்லோரும் சொல்கிறோம், எப்படி என்பதை மட்டும் யாரும் சொல்லித் தருவதில்லை. படித்தது மனதில் எப்படித் தங்குகிறது என்பதை எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கே காட்டிவிடலாம். ஒரு பீரியடும், அடுத்த வாரம் பத்து நிமிடமும் போதும். விளக்கத்தை முதலிலேயே கொட்டிவிடாதீர்கள்.

முதலில், பேனாவைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டு 194, 719, 501, 956 என்று ஒவ்வொரு இலக்கமாக வாசியுங்கள், மூன்றுக்கு ஒருமுறை நிறுத்தி. முடித்ததும் எழுதச் சொன்னால் பலர் பாதியில் தடுமாறுவார்கள். அப்புறம் அதையே போர்டில் 1947, 1950, 1956 என்று எழுதுங்கள்: சுதந்திரம், குடியரசு, மொழிவாரி மாநிலங்கள். அதே 12 இலக்கம், இப்போது மூன்றே துண்டு. குறுகிய கால நினைவில் ஏழு துண்டு அளவுக்குத்தான் நிற்கும் என்று உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956இல் எழுதினார், பின்னால் வந்தவர்கள் நான்கு என்றே குறைத்தார்கள். ஏற்கெனவே தெரிந்ததுதான் துண்டைப் பெரிதாக்குகிறது, அதனால் புதுப் பாடத்துக்கு முன் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று கேட்பது வீண் வேலை இல்லை.

அடுத்தது சின்னது. இருபது சொற்கள் கொடுங்கள். பாதிப் பேர் எழுத்துகளை எண்ணட்டும், மீதிப் பேர் அந்தப் பொருள் பிடிக்குமா பிடிக்காதா என்று குறிக்கட்டும். பிறகு தாளைத் திருப்பி வைத்துவிட்டு நினைவிருப்பதை எழுதச் சொல்லுங்கள். பொருளை யோசித்தவர்களுக்குத்தான் பொதுவாக அதிகம் நினைவிருக்கும்.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம், இதற்கு நேரம் ஒதுக்குங்கள். இன்னும் நடத்தாத பாடத்திலிருந்து ஒரு பக்கத்தை எல்லோரும் ஏழு நிமிடம் படிக்கட்டும். அடுத்த ஏழு நிமிடம் ஒரு குழு அதையே திரும்பப் படிக்கட்டும், இன்னொரு குழு புத்தகத்தை மூடிவிட்டு நினைவுக்கு வருவதையெல்லாம் ரஃப் நோட்டில் எழுதட்டும். எழுதும் குழு திணறும், திணறட்டும், உதவிக்குப் போகாதீர்கள். ஒரு வாரம் கழித்து, முன்கூட்டிச் சொல்லாமல், இரண்டு குழுவையும் எழுத வையுங்கள். ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006இல் கல்லூரி மாணவர்களிடம் இதைச் செய்தபோது, ஐந்து நிமிடத்தில் கேட்டால் திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள், ஒரு வாரம் கழித்துக் கேட்டால் அவர்களுக்கு 42 சதவீதம்தான் நினைவிருந்தது, மூடிவைத்து எழுதியவர்களுக்கு 56. திரும்பப் படிக்கும்போது வரிகள் பழகிப்போவதால் எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும், பரீட்சைக்கு முந்தைய இரவு பிள்ளைகளை ஏமாற்றுவது இந்த உணர்வுதான். நினைவிலிருந்து தேடி எடுக்கும் சிரமம்தான் அதை உள்ளே ஊன்றுகிறது.

சின்ன வகுப்பில் முடிவு மாறியும் வரலாம். அப்படி வந்தால் மறைக்காமல் போர்டில் எழுதி, வேறு பக்கத்தை வைத்துக் குழுக்களை மாற்றி இன்னொரு முறை செய்யுங்கள். மதிப்பெண் மட்டும் போடவே போடாதீர்கள், பயம் வந்துவிட்டால் பிள்ளைகள் பக்கத்து நோட்டைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். அதன்பிறகு எந்தப் பாடம் நடத்தினாலும் மறுநாள் ஒருமுறை, அடுத்த வாரம் ஒருமுறை, முதல் ஐந்து நிமிடம் புத்தகத்தை மூடிவைத்து எழுத விடுங்கள்.