ஐந்து நட்சத்திரம் போட்டது யார்?

போன மாதம் அம்மாவைப் பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) கூட்டிப்போனேன். வீடு திரும்பும் பேருந்தில் ஏறிய கையோடு கைப்பேசியில் கருத்தாய்வு வந்து நின்றது. உட்கார்ந்தபடியே எல்லாவற்றுக்கும் ஐந்து நட்சத்திரம் தட்டி அனுப்பிவிட்டேன்.

"என்னடா அது?" என்றார் அம்மா. சொன்னேன்.

"என்னைக் கேட்டியா? மருந்து வாங்குற இடத்துல என் நம்பர் வந்துட்டுப் போனதே எனக்குத் தெரியல. பக்கத்துல இருந்த மலாய்க்கார அம்மாதான் தட்டிச் சொன்னாங்க."

எண் காட்டும் திரையில் எழுத்து பெரிதாகத்தான் இருந்ததாம். ஆனால் படிப்பதற்குள் அடுத்த எண் வந்துவிடுகிறது. கருத்தாய்வு கேட்டது இதைத்தான். நான் அனுப்பியதோ வெறும் நட்சத்திரம்.

நம்மில் பலர் செய்யும் முதல் தவறு இது. 2015-இல் சிங்கப்பூரின் சுகாதாரச் செயலியான ஹெல்த்ஹப் வந்தபிறகு பெற்றோரின் சந்திப்பு நேரம், பரிசோதனை முடிவு எல்லாவற்றையும் அவர்கள் சம்மதத்தோடு நம் சிங்பாஸ் (அரசாங்க மின்னடையாளம்) வழியாகவே பார்க்க முடிகிறது. வசதிதான். ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக நாமே நோயாளி ஆகிவிடுகிறோம். வரிசையில் நின்றவர் ஒருவர், கருத்துச் சொல்பவர் இன்னொருவர். பதில் உங்களுடையது என்றால் பராமரிப்பாளர் என்று குறிப்பிட்டு எழுதுங்கள். அதுவும் தேவையான கருத்துதான், அம்மாவின் கருத்துக்கு மாற்று இல்லை, அவ்வளவே.

அடுத்தது, பட்டும் படாமலும் எழுதுவது. "சேவை மோசம்", "ரொம்ப நேரம்" என்று எழுதினால் படிப்பவர் என்ன செய்வார்? காலை பத்து மணிக்கு ரத்தம் எடுக்கும் இடத்தில் உட்கார நாற்காலி இல்லை என்று எழுதினால் நாளைக்கே ஒருவர் போய்ப் பார்க்கலாம். அப்புறம், ஃபேஸ்புக்கில் கொட்டித் தீர்ப்பது. மனசு ஆறும், நாற்காலி வராது.

கருத்தாய்வு மட்டும்தான் நம் குரல் என்று நினைப்பதும் சரியில்லை. வீட்டிலிருந்து அனுப்பும் அளவுகளும் குரல்தான். வீட்டில் ரத்த அழுத்தம் பார்த்துக் கைப்பேசி வழி பலதுறை மருந்தகத்துக்கு அனுப்பும் திட்டம் இங்கே உண்டு. அதைப் பார்த்துத்தான் தாதியர் அழைத்துப் பேசுகிறார்கள், மருந்தை மாற்றலாமா என்பதும் முடிவாகிறது. யீஷூனில் இருக்கும் என் மாமா இதில் கில்லாடி. 158 வந்தால் அனுப்ப மாட்டார். கொஞ்சம் பொறுத்து, காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்து மறுபடி அமுக்குவார். நான்காவது தடவை 134 வந்ததும் முகம் மலர அனுப்புவார். "இல்லேன்னா மாத்திரையைக் கூட்டிடுவாங்கடா!" மருத்துவர் பார்ப்பது மாமாவை அல்ல, மாமா தேர்ந்தெடுத்த மாமாவை.

முறை எளிது. அளப்பதற்கு முன் அரை மணி நேரம் காப்பி வேண்டாம். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்காருங்கள், பேசாதீர்கள். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்து, வந்ததை வந்தபடி அனுப்புங்கள். மாத்திரை பிடிக்கவில்லை என்றால் அதை வாயால் சொல்லலாம்.

சொல்வதற்கு இடமும் இருக்கிறது. 2023 ஜூலையில் அரசாங்கம் தொடங்கிய ஹெல்தியர் எஸ்ஜி என்ற நோய்த்தடுப்பு முயற்சியில் நாமே ஒரு குடும்ப மருத்துவரைத் தேர்ந்தெடுத்து, அவரோடு சேர்ந்து சுகாதாரத் திட்டம் போடுகிறோம். பதிந்ததோடு சரி, அந்தத் திட்டத்தைத் திறந்தே பார்க்காதவர்கள் எங்கள் புளோக்கிலேயே நிறைய. "தினமும் நடை" என்று அதில் இருந்து, உங்களுக்கு முழங்கால் வலி என்றால், மாற்றச் சொல்லுங்கள்.

பயத்தைப் பற்றியும் பேச வேண்டும். 2018-இல் சிங்ஹெல்த் என்ற பொது மருத்துவக் குழுமத்தின் மீது நடந்த இணையத் தாக்குதலில் 15 லட்சம் பேரின் விவரங்கள் திருடுபோயின. அதை நினைத்து ஒதுங்கி நிற்பவர்கள்மீது எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அவர்களில் சிலரே ஸ்கேன் அறிக்கையைப் படமெடுத்து அறுபது பேர் உள்ள குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார்கள்! கருத்தாய்வு என்ற பெயரில் வங்கிக் கணக்கோ கடவுச்சொல்லோ கேட்டால் அது கருத்தாய்வே இல்லை. சந்தேகம் வந்தால் மோசடி உதவி எண் 1799-ஐ அழைத்துக் கேட்கலாம்.

தவறு நம் பக்கம் மட்டுமா? ஒருமுறை ஒரு செயலியின் தமிழ் வடிவத்தைப் பார்த்துக் கருத்துச் சொல்லக் கூப்பிட்டார்கள். சந்திப்பை முன்பதிவு செய்யும் பொத்தானில் 'புத்தகம்' என்று இருந்தது. சிரித்துவிட்டுத் திருத்தச் சொன்னோம். "அடுத்த பதிப்பில் பார்க்கலாம், இது முடிந்துவிட்டது" என்றார்கள். முடிந்தபிறகு எதற்குக் கூப்பிட்டார்கள்? நிறம் பிடித்திருக்கிறதா என்று கேட்கத்தான். காகிதத்தில் கோடு போடும்போதே நோயாளியைக் கூப்பிட வேண்டும். 2017-இல் சிங்ஹெல்த் நோயாளிகளையும் பராமரிப்பாளர்களையும் கொண்டு ஒரு குழு அமைத்தது. அதுபோல நிலையான குழு இருந்தால் இதைக் கேட்பது எளிது. குழுவில் சேர்பவர்களும் சொந்தக் கதையோடு நின்றுவிடாமல், செயலியே இல்லாத பக்கத்து வீட்டுப் பாட்டியையும் நினைத்துப் பேச வேண்டும். சொன்னது என்னவாயிற்று என்று மூன்று மாதம் கழித்துக் கேட்கவும் வேண்டும்.

இந்த வாரம் மறுபடி கருத்தாய்வு வந்தது. கைப்பேசியை அம்மாவிடமே கொடுத்தேன். கண்ணாடி தேடி, ஒவ்வொரு கேள்வியையும் என்னைத் தமிழில் சொல்லச் சொல்லி, இருபது நிமிடம் எடுத்துக்கொண்டார். எண் ஓடும் திரைக்கு ஒரே ஒரு நட்சத்திரம். ஊசி போட்ட தாதிக்கு ஐந்து. "ஆறு போட முடியாதாடா?" என்றார்.